லுட்சன்: ஒரு சின்ன ஊரும் 1632-இல் அங்கே நடந்த போரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரைப் பற்றிப் படிக்கிறவர்கள் லுட்சன் என்ற பெயரை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரே வரிதான்: "சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃப் லுட்சனில் இறந்தார்." அன்றைக்கு அந்த வயலில் மன்னரோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பேர் இறந்தார்கள். அவர்களில் 47 பேரை மண்ணோடு பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். மன்னரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சரி, அதையும் சொல்கிறேன், இவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

லுட்சன் எங்கே இருக்கிறது?

கிழக்கு ஜெர்மனியில், சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில். லைப்சிக் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். சுற்றுவட்டக் கிராமங்களையும் சேர்த்தாலே மக்கள் தொகை பத்தாயிரத்தை எட்டாது. மலை கிடையாது, பெரிய ஆறு கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான விவசாய நிலம், நடுவே லைப்சிக் போகும் பழைய வணிகச் சாலை. இந்தச் சாலைதான் போரின் கதையில் முக்கியம்.

அங்கே எதற்காகச் சண்டை போட்டார்கள்?

1618-இல் பொஹீமியாவில் தொடங்கிய கலகம், மெல்ல மெல்ல ஐரோப்பா முழுக்கப் பரவிய போராக மாறியது. ஒரு பக்கம் கத்தோலிக்கரான புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட், இன்னொரு பக்கம் புராட்டஸ்டண்ட் சிற்றரசர்கள். மதம் ஒரு காரணம்தான். நிலம், வரி, துறைமுகம், யார் பெரியவர் என்ற போட்டி எல்லாம் அதில் கலந்திருந்தன.

1630-இல் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃப் பால்டிக் கடலைத் தாண்டி வட ஜெர்மனியில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் மக்டபர்க் நகரம் பேரரசுப் படையிடம் விழுந்து எரிந்தது. சுமார் 20,000 பேர் மாண்டார்கள். அதன் பிறகு தயங்கிக்கொண்டிருந்த புராட்டஸ்டண்ட் சிற்றரசான சாக்சனியும் மன்னர் பக்கம் சேர்ந்தது. 1631 செப்டம்பரில் பிரைட்டன்ஃபெல்ட் என்ற இடத்தில் பேரரசுப் படையை அவர் நொறுக்கினார். அந்த இடமும் லைப்சிக்கை ஒட்டியதுதான். 1632-இல் அவர் தெற்கே பவேரியா வரை போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் பேரரசர், தாம் முன்பு பதவியிலிருந்து இறக்கிய தளபதி வாலன்ஸ்டைனையே மறுபடி அழைத்தார். வாலன்ஸ்டைன் படையோடு சாக்சனிக்குள் நுழைந்ததும், கூட்டாளி கைவிட்டுப் போய்விடுவாரோ, கடலுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடுமோ என்று பயந்து மன்னரும் வடக்கே விரைந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே வந்து நின்ற இடம் லுட்சன்.

அப்படியானால் இந்த ஊரை யாரும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லையா?

இல்லை. நவம்பர் பிறந்துவிட்டது, குளிர் ஏறிவிட்டது, இனி இந்த ஆண்டு சண்டை இல்லை என்று வாலன்ஸ்டைன் முடிவு செய்துவிட்டார். படையைப் பல ஊர்களில் குளிர்காலத் தங்கலுக்குப் பிரித்து அனுப்பத் தொடங்கினார். அவருடைய துணிச்சலான குதிரைப்படைத் தளபதி பாப்பன்ஹைம் ஒரு பெரும் பிரிவோடு ஹாலே நகரப் பக்கம் போய்விட்டார்.

செய்தி மன்னர் காதுக்கு எட்டியது. எதிரி பிரிந்து கிடக்கும்போதே அடித்துவிட வேண்டும் என்று கிளம்பினார். ஆனால் லுட்சனுக்குச் சற்று முன்னால் ரிப்பாக் என்ற ஓடை குறுக்கிட்டது. அங்கே இருந்த சின்னப் பேரரசுப் பிரிவு ஒன்று, சுவீடன் படையைப் பல மணி நேரம் மறித்து வைத்தது. அதற்குள் இருட்டிவிட்டது. அந்தச் சின்னப் பிரிவு வாங்கித் தந்த ஒரே ஓர் இரவுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது என் கருத்து. அந்த இரவில்தான் ஒரு கடிதம் ஹாலேவுக்குப் பறந்தது.

அது என்ன கடிதம்?

வாலன்ஸ்டைன் தன் கைப்பட பாப்பன்ஹைமுக்கு எழுதிய கடிதம். எதிரி இந்தப் பக்கம் வருகிறான், எல்லாவற்றையும் அப்படி அப்படியே போட்டுவிட்டு, ஆட்கள் பீரங்கிகள் அனைத்தோடும் கிளம்பி நாளைக் காலைக்குள் இங்கே வந்து சேருங்கள் என்பது அதன் சாரம்.

ஹாலேயிலிருந்து லுட்சனுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். பாப்பன்ஹைம் காலாட்படையைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, குதிரைப்படையோடு இரவோடு இரவாகப் புறப்பட்டார். மறுநாள் நண்பகல் வாக்கில் களத்துக்கு வந்ததும் வராததுமாக நேரே தாக்குதலில் இறங்கினார். கொஞ்ச நேரத்திலேயே குண்டடி பட்டது. அந்தக் காயத்திலேயே உயிர் போனது.

அவர் உடலில் இருந்த கடிதம் இன்று வியன்னாவின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தாளில் பெரிய பழுப்புக் கறை ஒன்று படர்ந்திருக்கிறது. அது பாப்பன்ஹைமின் ரத்தம். எழுதியவரின் அவசரமும் படித்தவரின் முடிவும் ஒரே தாளில் கிடக்கின்றன. லுட்சன் போரின் எச்சங்களில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

போர் நடந்த தேதி நவம்பர் 6-ஆ, 16-ஆ?

இரண்டும் சரி, நாள் ஒன்றுதான். சுவீடனும் புராட்டஸ்டண்ட் நாடுகளும் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன, அதன்படி நவம்பர் 6. கத்தோலிக்க நாடுகள் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தன, அதன்படி நவம்பர் 16. சுவீடன் பின்னாளில் நாட்காட்டியை மாற்றிய பிறகும் மன்னரின் நினைவு நாளை மட்டும் நவம்பர் 6-லேயே வைத்துக்கொண்டது. இன்றும் அன்றைக்கு சுவீடனில், குறிப்பாக அவர் நிறுவிய கோத்தன்பர்க் நகரில், மன்னரின் தலை பதித்த ஒரு சிறிய கேக் செய்து சாப்பிடுகிறார்கள்.

போர் எப்படி நடந்தது?

மன்னரிடம் சுமார் 19,000 பேர். வாலன்ஸ்டைனிடம் காலையில் 13,000 பேருக்குள்தான் இருந்தார்கள். அந்தக் குறையை அவர் நிலத்தை வைத்துச் சரிக்கட்டினார். லைப்சிக் சாலையின் இருபுறமும் இருந்த பள்ளங்களை ராத்திரியில் இன்னும் ஆழமாக வெட்டி, துப்பாக்கிக்காரர்களை உள்ளே இறக்கினார். ஊருக்கு வெளியே இருந்த காற்றாலைகளின் பக்கத்தில் பீரங்கிகளை நிறுத்தினார். எதிரி ஊருக்குள் புகுந்து பக்கவாட்டில் வந்துவிடக் கூடாது என்று ஊருக்கே தீ வைக்கச் சொன்னார்.

காலையில் பார்த்தால் பக்கத்தில் நிற்பவன் தெரியாத அளவுக்கு மூடுபனி. சுவீடன் படை அணிவகுத்து நின்று காத்திருந்தது. பதினொரு மணிவாக்கில் பனி கொஞ்சம் விலகியதும் சண்டை தொடங்கியது. வலது பக்கத்தில் மன்னர் முன்னேறினார். நடுவில் காலாட்படை, பள்ளங்களைத் தாண்டி பீரங்கிகளைக்கூடப் பிடித்தது. வாலன்ஸ்டைனின் இடது அணி ஆட்டம் கண்ட நேரத்தில்தான் பாப்பன்ஹைம் வந்து சேர்ந்தார்.

அப்புறம் பனி மறுபடி இறங்கியது. எரிகிற ஊரின் புகையும் வெடிமருந்துப் புகையும் அதோடு கலந்தன. இந்த இருட்டில் பேரரசுப் படை எதிர்த்தாக்குதல் நடத்தியது. சுவீடனின் மிகச் சிறந்த காலாட்படைப் பிரிவுகளான மஞ்சள் பிரிவும் நீலப் பிரிவும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே அழிந்தன. "சுவீடன் படை" என்று சொன்னாலும் அதில் பெரும்பாலோர் கூலிக்குச் சேர்ந்த ஜெர்மானியர்கள். ஸ்காட்லாந்துக்காரர்களும் ஃபின்லாந்துக்காரர்களும் இருந்தார்கள். எதிர்ப்பக்கமும் பல நாட்டு ஆட்கள்தான்.

மன்னர் ஏன் கவசம் போடவில்லை?

1627-இல் போலந்துப் போரில் கழுத்துக்கும் தோளுக்கும் அருகே ஒரு குண்டு பாய்ந்தது. மருத்துவர்களால் அதை எடுக்க முடியவில்லை. இரும்புக் கவசம் அதன் மேல் அழுத்தினால் வலி தாங்காது. அதனால் தடித்த காட்டுமான் தோலில் தைத்த ஒரு மேலங்கியைத்தான் போட்டுக்கொண்டு போருக்குப் போவார். வாள் வெட்டைத் தோல் ஓரளவு தாங்கும், துப்பாக்கிக் குண்டைத் தாங்காது. போதாக்குறைக்கு அவருக்குக் கிட்டப்பார்வை வேறு.

அவர் எப்படி இறந்தார்?

நடுவில் காலாட்படை திணறுகிறது என்று கேள்விப்பட்டு, ஸ்மோலாந்து குதிரைப்படையை அழைத்துக்கொண்டு உதவிக்கு விரைந்தார். பனியில் வழி தவறி, விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரோடு எதிரிக் குதிரை வீரர்களுக்கு நடுவே போய்விட்டார். முதலில் இடது கை எலும்பை ஒரு குண்டு நொறுக்கியது. திரும்ப முயன்றபோது முதுகில் ஒரு குண்டு. குதிரையிலிருந்து விழுந்தவரைத் தலையில் சுட்டார்கள்.

அவரோடு கடைசிவரை இருந்தவர் லாய்பெல்ஃபிங் என்ற 18 வயது ஏவலாள். அந்தப் பையனுக்கும் படுகாயம். சில நாள் உயிரோடு கிடந்து, பக்கத்தில் உள்ள நௌம்பர்க் நகரில் இறந்தான்.

மன்னர் விழுந்ததை யாரும் சொல்லி அறிவிக்கவில்லை. அவருடைய குதிரை ஸ்ட்ரைஃப், கழுத்தில் காயத்தோடு, ஆளில்லாச் சேணத்தோடு வரிசைகளுக்கு இடையே ஓடிவந்தது. பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

சொந்த ஆட்களே அவரைச் சுட்டுவிட்டார்கள் என்கிறார்களே?

பழைய வதந்தி. அப்போது அவர் அருகில் இருந்த சாக்ஸ-லாவன்பர்க் கோமகன் ஃபிரான்ஸ் ஆல்பிரெக்ட் மேல் சந்தேகம் கிளம்பியது. அவர் பின்னாளில் பேரரசர் பக்கம் சேர்ந்துவிட்டதால் அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. ஆதாரம் ஒன்றும் கிடையாது. பனியும் புகையும் சூழ்ந்த களத்தில், எதிரிக் குதிரை வீரர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கிட்டப்பார்வைக்காரர் இறந்துபோனதற்குச் சதி தேவையில்லை.

கடைசியில் யார் ஜெயித்தார்கள்?

சுவீடன் வென்றது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நான் இந்தச் சொல்லைத் தயங்கித்தான் பயன்படுத்துவேன்.

மன்னர் இறந்த பிறகு, பின்வாங்கலாம் என்ற பேச்சு சுவீடன் தரப்பில் எழுந்தது. அரண்மனைப் போதகர் ஃபாப்ரிசியஸ், ஓடிவந்த வீரர்களைச் சங்கீதம் பாடி நிறுத்த முயன்றார். தலைமையை ஏற்ற வைமார் இளவரசர் பெர்ன்ஹார்ட் பின்வாங்க மறுத்து மறுபடி மறுபடி தாக்கினார். மாலையில் காற்றாலைப் பீரங்கிகள் அவர் கைக்கு வந்தன. அதற்குள் இருட்டு. இரண்டு பக்கமும் பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிட்டன.

பாப்பன்ஹைமின் காலாட்படை இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தது. புதிய ஆட்கள் வந்தும் வாலன்ஸ்டைன் தங்கவில்லை. கீல்வாதத்தால் பல்லக்கில் வந்து, வலியோடு குதிரையேறி நாள் முழுக்கக் களத்தில் நின்றவர் அவர். பீரங்கிகளை விட்டுவிட்டு லைப்சிக் வழியாக பொஹீமியாவுக்குப் பின்வாங்கினார். களம் சுவீடனிடம் இருந்தது, எதிரி சாக்சனியை விட்டுப் போனான், அந்தக் கணக்கில் இது சுவீடனின் வெற்றி. ஆனால் இறந்தவர்கள் இருபுறமும் சேர்த்து 6,000-லிருந்து 9,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். சுவீடன் தன் மன்னரையும் சிறந்த காலாட்படையையும் ஒரே நாளில் இழந்தது.

வாலன்ஸ்டைனுக்கும் இது நல்லதில் முடியவில்லை. களத்தை விட்டு ஓடிய அதிகாரிகளை 1633 பிப்ரவரியில் பிராகில் தலை வெட்டச் செய்தார். ஓராண்டு கழித்து, 1634 பிப்ரவரி 25 அன்று, பேரரசரின் சந்தேகத்துக்கு ஆளாகி ஏகர் நகரில் சொந்த அதிகாரிகளாலேயே குத்திக் கொல்லப்பட்டார். போரோ 1648 வரை நீண்டது.

மன்னரின் உடல் என்ன ஆனது?

துணியெல்லாம் உருவப்பட்டு மற்ற பிணங்களோடு கிடந்தது. தேடிக் கண்டுபிடித்து, பக்கத்துக் கிராமமான மொய்ஹன் தேவாலயத்தில் அன்றிரவு வைத்தார்கள். அங்கிருந்து வைஸன்ஃபெல்ஸ் நகருக்குக் கொண்டுபோய்ப் பதப்படுத்தினார்கள். மறு ஆண்டு கோடையில்தான் கப்பல் ஏறி சுவீடன் போனது. அரசி மரியா எலியோனோரா கணவரின் உடலைப் பிரிய மனமில்லாமல் அடக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனார். 1634 ஜூனில் ஸ்டாக்ஹோமின் ரித்தார்ஹோல்மன் தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. அப்பா இறந்தபோது மகள் கிறிஸ்டினாவுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அவளை அரசியாக்கி, நாட்டை நடத்தியவர் அமைச்சர் ஆக்சல் ஆக்சன்ஷேர்னா.

குதிரை ஸ்ட்ரைஃப் சில மாதங்களில் இறந்தது. அதன் தோலைப் பாடம் செய்து வைத்தார்கள். இன்றும் ஸ்டாக்ஹோமின் அரச ஆயுதக்கூட அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே இடத்தில்தான் அந்தத் தோல் மேலங்கியும் இருக்கிறது. அதைப் பேரரசுத் தரப்பு வெற்றிச் சின்னமாக வியன்னாவுக்கு எடுத்துப் போயிருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பட்டினியில் கிடந்த ஆஸ்திரியாவுக்கு சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் உதவியது. அதற்கு நன்றியாக 1920-இல் மேலங்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

2011-இல் கண்டெடுத்த புதைகுழி எது?

2006 முதல் தொல்லியலாளர்கள் இந்த வயல்களை உலோகங்காட்டிக் கருவிகளோடு சல்லடையாகச் சலித்தார்கள். ஈயக் குண்டுகள் எங்கெங்கே எவ்வளவு விழுந்திருக்கின்றன என்று குறித்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் சண்டை உச்சத்தில் இருந்தது என்று வரைபடமே கிடைத்துவிடும். அப்படித் தேடியபோதுதான் 2011-இல் பழைய சாலையோரத்தில் ஒரு கூட்டுப் புதைகுழி தட்டுப்பட்டது.

அங்கேயே எலும்பு எலும்பாக எடுக்காமல், மண்ணோடு சேர்த்துக் கட்டியாகப் பெயர்த்து ஹாலே அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், கூடத்துக்குள் வைத்து நிதானமாக ஆராய்ந்தார்கள். உள்ளே 47 பேர். எல்லோரும் ஆண்கள், 15 வயதிலிருந்து 50 வயது வரை. உடையும் உடைமையும் ஏறக்குறைய முழுவதும் உருவப்பட்டிருந்தன. பல மண்டையோடுகளில் குண்டு துளைத்த ஓட்டை. சிலருடைய எலும்பில் பழைய போர்களில் பட்டு ஆறிய காயங்களும் இருந்தன.

காலாட்படை வீரர்களுக்கு இப்படித் தலையில் இவ்வளவு துப்பாக்கிக் காயம் இருப்பது வழக்கமில்லை. குதிரைப்படை திடீரென்று மேலே பாய்ந்து, கிட்டத்தில் வந்து கைத்துப்பாக்கியால் சுட்டால் இப்படி அமையும். அதனால் இவர்களில் பலர் அன்று அழிந்த நீலப் பிரிவைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

15 வயது என்றால் நம் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை. மன்னருக்குச் சிலை இருக்கிறது, குதிரைக்குக் கண்ணாடிக்கூடு இருக்கிறது. இவர்கள் 379 ஆண்டு சாலையோர மண்ணுக்குள் கிடந்தார்கள். லுட்சன் என்றதும் இந்தக் குழிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

ஊர் மக்கள் என்ன ஆனார்கள்?

வீடுகள் எரிந்தன. எஞ்சியவர்கள் கண் முன்னே ஆயிரக்கணக்கான பிணங்களும் செத்த குதிரைகளும் கிடந்தன. படைகள் நகர்ந்த பிறகு உள்ளூர் ஆட்களும் சுற்றுக் கிராமத்தாரும்தான் குழி வெட்டிப் புதைக்க வேண்டியிருந்தது. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த தானியமும் வைக்கோலும் பறிபோன நிலையில் அதைச் செய்திருப்பார்கள்.

நெப்போலியனின் லுட்சன் போர் வேறா?

வேறு. 1813 மே 2 அன்று நெப்போலியன் இங்கே ரஷ்ய-பிரஷ்யப் படைகளோடு மோதி வென்றார். சண்டை நடந்தது ஊருக்குத் தெற்கே உள்ள குரோஸ்கோர்ஷன் கிராமத்தைச் சுற்றி. ஜெர்மானியர்கள் அந்தப் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள். பிரஷ்யத் தளபதி ஷார்ன்ஹோர்ஸ்ட் அங்கே காலில் காயம்பட்டு, அடுத்த மாதம் பிராகில் இறந்தார். முந்தின நாள், மே 1 அன்று, பிரெஞ்சு மார்ஷல் பெசியேர் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். இடம் எது என்கிறீர்கள்? 1632-இல் மன்னரை ஓர் இரவு தடுத்து நிறுத்திய அதே ரிப்பாக்.

நீட்சே பிறந்த ஊர் இதுதானா?

ஆமாம், தத்துவவாதி நீட்சே 1844-இல் பிறந்த ரோக்கன் கிராமம் இன்று லுட்சன் நகராட்சிக்குள் வருகிறது. அவருடைய கல்லறையும் அங்கேதான், அப்பா போதகராக இருந்த தேவாலயத்தை ஒட்டி.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

லுட்சன் போருக்கு நேரடித் தொடர்பு இல்லை. முப்பதாண்டுப் போருக்கு ஒன்று உண்டு. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கால் வைத்த டென்மார்க்கின் மன்னர் நான்காம் கிறிஸ்டியன், 1625-இல் இதே போரில் இறங்கித் தோற்றுப் போனவர். பாப்பன்ஹைம் தங்கியிருந்த ஹாலே நகரில் படித்த மதபோதகர் சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடி வந்தார். ஹாலே ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன. லுட்சனைப் பார்க்கப் போகும் தமிழர்கள் ஹாலேவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

போனால் என்ன பார்க்கலாம்?

மன்னர் விழுந்ததாகக் கருதப்படும் இடத்தில் "சுவீடன் கல்" என்ற பாறை இருக்கிறது. அதன் மேல் 1837-இல் கட்டிடக் கலைஞர் ஷின்கெல் வடிவமைத்த வார்ப்பிரும்பு மண்டபம். பக்கத்தில் சுவீடன்காரர்கள் நன்கொடையில் 1907-இல் கட்டிய சிறு ஆலயமும், அந்நாட்டுப் பாணி மர வீடுகளும். ஊருக்குள் பழைய கோட்டை இருக்கிறது. மொய்ஹன் தேவாலயம் சில கிலோமீட்டரில்.

லைப்சிக் அல்லது வைஸன்ஃபெல்ஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து பேருந்து பிடிப்பது சுலபம். ஆண்டுதோறும் நவம்பர் 6 அன்று நினைவிடத்தில் கூடுகிறார்கள். அந்த நாளில் போகிறவர்கள் மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். அந்த மாதத்தில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பனி இறங்கினால் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வயல்கூடத் தெரியாது.